நாலாம் இயந்திரத்தில் சொன்ன ‘ஏலாது’

நான் ஒன்பது வருடம் செய்த வேலைக்கு இப்போது ஆள் தேடுகிறார்கள். போன மாதம் உள்ளூர்ப் பத்திரிகையில் விளம்பரம் வந்திருந்தது. மகள் அதை வாசித்துவிட்டுச் சிரித்தாள்.

“அப்பா, இந்த வேலைக்கு உங்களை எடுக்க மாட்டினம்.”

“ஏனாம்?”

“தொழிற்கல்விச் சான்றிதழ் வேணுமாம். கொம்பியூட்டரில பொருள் பதிவு தெரிஞ்சிருக்க வேணுமாம். பேச்சிலயும் எழுத்திலயும் பிழையில்லாத டொச் வேணுமாம்.”

மூன்றில் ஒன்றுகூட என்னிடம் இல்லை, டொச் என்கிற ஜேர்மன் மொழியும் அரைகுறைதான். ஒன்பது வருடமும் இருந்ததில்லை. ஆனால் அந்தப் பட்டறையில் என் காலத்தில் ஒரு துளைக்கருவி தொலைந்தது என்றோ, பிழையான அளவு கை மாறியது என்றோ யாராவது சொல்லட்டும் பார்க்கலாம். நமது சங்க மலருக்கு எழுதித் தரும்படி செயலாளர் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். “எங்கட பிள்ளையளுக்குப் பிரியோசனமாய் இருக்கும், குணம் அண்ணை” என்பார். பிரயோசனமாக இருக்குமோ தெரியாது. அந்த விளம்பரத்தைக் கண்ட கோபத்தில்தான் எழுத உட்கார்ந்தேன். அறிவுரை எதிர்பார்ப்பவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போகலாம்.

என் முழுப்பெயர் குணரத்தினம். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். பள்ளி என்னை விடவில்லை, நான்தான் அதை விட்டேன். ஜேர்மனிக்கு வந்த கதையை நீட்ட மாட்டேன், எங்கள் ஆட்கள் எல்லோருடைய கதையும் அதுதான். முகாமில் பதினான்கு மாதம். உணவகத்தில் பாத்திரம் கழுவல் மூன்று வருடம். பிறகு நீர்ப் பம்பு செய்யும் ஒரு கம்பனியில் நிலம் கூட்டுகிற வேலை. கூட்டுகிறவன் எல்லா இயந்திரத்தையும் சுற்றி வருவான், யாரும் அவனைக் கவனிக்கமாட்டார்கள். நான் எல்லோரையும் கவனித்தேன். ஒருநாள் கடைசல் இயந்திரத்துக்காரன் காய்ச்சல் என்று வரவில்லை. மேற்பார்வையாளர் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு இயந்திரத்தை ஓட்டிக் காட்டினேன். அதற்குப் பிறகு விளக்குமாற்றைத் தொடவில்லை. ஆறு மாதத்தில் என் பக்கத்து இயந்திரத்துக்காரன், மூன்றரை வருடம் படித்துச் சான்றிதழ் வாங்கியவன், தன் கடைசல் கத்தியைத் தீட்டித் தரச் சொல்லி என்னிடம் வந்தான். தீட்டிக் கொடுத்தேன். சான்றிதழைக் காட்டு என்று கேட்கவில்லை.

பதினொரு வருடத்துக்குப் பிறகு அந்தக் கம்பனியை மூடிவிட்டார்கள். அப்போது எனக்கு ஐம்பத்து நான்கு வயது.

டோர்ட்மண்டிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம் போனால் ஒரு சிறிய நகரம். அந்த மாவட்ட நிர்வாகம் அங்கே ஒரு தொழிற்பள்ளி நடத்துகிறது. தச்சு, மின்சாரம், சமையல், முடி அலங்காரம், உலோக வேலை எல்லாம் ஒரே வளாகத்துக்குள். பழகுநர்கள் வாரத்தில் சில நாள் கம்பனியிலும் சில நாள் பள்ளியிலும் இருப்பார்கள். இருந்த தொழிலை இழந்து வேறு தொழில் படிக்க வரும் பெரியவர்களையும் வேலைவாய்ப்பு அலுவலகம் அங்கே அனுப்பும். உலோகப் பட்டறையின் மூலையில் கருவிகள் வைக்கும் அறை. அதற்கு ஒரு ஜன்னல். அந்த ஜன்னலுக்குப் பின்னால் நிற்க ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன்.

பட்டறையின் தலைவர் ஹெர் ஹெல்விக். உயரம், மெலிவு, சாம்பல் நிற மேலங்கி. நான் நீட்டிய கடிதங்களை வாங்கவில்லை. ஒரு தகரப் பெட்டியை எடுத்து மேசையில் கவிழ்த்தார். அளவெழுத்து அழிந்துபோன துளைக்கருவிகள், நாற்பது ஐம்பது இருக்கும்.

“அளவுவாரியாக அடுக்குங்கள்” என்றார். அளவுமானியைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

கண்ணாலும் விரலாலும் அடுக்கினேன். நான்கு மில்லிமீற்றரிலிருந்து பத்து வரை, அரை அரையாக. அவர் ஒவ்வொன்றாக அளந்தார். கடைசி வரிசையில் ஒன்றைத் தூக்கிப் பிடித்தார்.

“இது எட்டரை அல்ல. எட்டுப் புள்ளி நான்கு.”

“செய்தபோது எட்டரை. தேய்ந்திருக்கிறது. பிழை கருவியில், என்னில் இல்லை” என்றேன். எனக்கிருந்த டொச்சில் இதைச் சொல்ல ஒரு நிமிடம் பிடித்தது. அவர் பொறுமையாகக் கேட்டார். அந்தக் கருவியைக் குப்பைத் தொட்டியில் போட்டார். “திங்கட்கிழமை ஏழு மணி” என்றார்.

ஹெல்விக்கைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக ஏலாது. நான் கண்ட மேலதிகாரிகளில் ஒருமுறைகூடக் குரல் உயர்த்தாதவர் அவர் ஒருவர்தான். கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். பதினாறு வயதுப் பழகுநரையும் ‘திரு’ என்று பொருள்படும் ‘ஹெர்’ போட்டுத்தான் கூப்பிடுவார். ஜன்னலுக்கு வந்தால் மரத்தட்டில் இரண்டு முறை தட்டுவார், மூன்றாம் முறை தட்டியதில்லை. எதை வாசித்தாலும் இரண்டு தரம் வாசிப்பார். இரண்டாம் தரம் வரிக்குக் கீழே இரும்பு அடிமட்டத்தை வைத்து நகர்த்துவார். அவர் வாயில் அடிக்கடி வரும் சொல் ‘ஷ்ரிஃப்ட்லிஷ்’. எழுத்தில் என்று பொருள். விடுமுறை வேண்டுமா, எழுத்தில். இயந்திரம் பழுதா, எழுத்தில். ஒருநாள் மழை பெய்கிறது என்று சொன்னேன். இதையாவது வாயால் ஏற்றுக்கொள்வாரோ என்று பார்த்தேன். ஏற்றுக்கொண்டார்.

கருவி கொடுக்கும் முறையும் அவர் வகுத்ததுதான். ஒவ்வொருவருக்கும் எண் அடித்த பத்துப் பித்தளைத் தகடுகள். கருவி வேண்டுமென்றால் ஒரு தகட்டை ஜன்னலில் வைக்க வேண்டும். கருவி இருந்த ஆணியில் நான் அந்தத் தகட்டை மாட்டுவேன். கருவி திரும்பி வந்தால் தகடு திரும்பிப் போகும். ஆசிரியர்களுக்கும் இதே முறைதான். ஹெல்விக்கின் எண் ஒன்று, அவரும் தகடு வைத்துத்தான் வாங்குவார். இதுகூடப் பரவாயில்லை. ஒவ்வொரு மணிக்கும் ஆணிகளில் தொங்கும் தகடுகளைப் பார்த்து, எந்த எண்ணிடம் எந்தக் கருவி என்று ஒரு தாளில் குறிக்க வேண்டும். விசர் வேலை என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே குறிப்பேன். ஆனால் ஒரு மணிநேரம் தவறியதில்லை.

பட்டறைக் கதவுக்கு மேலே ஒரு பலகை தொங்கியது: ‘இங்கே டொச் மட்டும்’. துருக்கியர், ரஷ்யாவிலிருந்து வந்தவர்கள், போலந்துக்காரர் என்று பலர் இருந்த இடம். ஒருவர் ‘நிறுத்து’ என்று கத்தினால் எல்லோருக்கும் விளங்க வேண்டும், அதுதான் காரணம். நியாயமான காரணம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒருநாள் துருக்கிப் பழகுநர் ஒருவர் சட்டைக்கை தொங்கத் தொங்கச் சுழலும் உருளைப் பக்கம் குனிந்தார். நான் ஜன்னலிலிருந்து “கையை எடடா!” என்று கத்தினேன். தமிழில்தான் வந்தது. கை மின்னல் வேகத்தில் வெளியே வந்தது. இரும்பு சுற்றுகிற இடத்தில் குரல்தான் மொழி. ஹெல்விக்கிடம் இதைச் சொன்னேன். “அதிர்ஷ்டம்” என்றார். “அதிர்ஷ்டத்தை நான் பலகையில் எழுத முடியாது.”

யூரோக் காசு வந்த அடுத்த வருடம் இந்திராணி வந்தார். முப்பத்தெட்டு வயது, இரண்டு பிள்ளைகள், ஊர் சாவகச்சேரிப் பக்கம். கணவர் ஒரு கிடங்கில் பாரம் தூக்கியவர். முதுகெலும்பில் அறுவை செய்த பிறகு வீட்டில்தான். இந்திராணி அதுவரை விடுதிகளில் அறை துப்புரவு செய்தவர், தமிழ்ப் பெண்களுடனேயே வேலை, டொச் அதிகம் ஒட்டவில்லை. வேலைவாய்ப்பு அலுவலகம் அவருக்கு உலோகக் கடைசல் படிக்க இரண்டு வருட இடம் கொடுத்தது. வகுப்பில் ஒரே பெண். முதல் ஆறு மாதத்துக்குள் தகுதியில்லை என்று பள்ளி எழுதிக் கொடுத்தால் இடம் போய்விடும், இன்னொரு தடவை கிடையாது.

முதல் நாள் என் ஜன்னலுக்கு வந்தபோது என் சட்டையிலிருந்த பெயர்ப்பட்டியைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“அண்ணை தமிழோ?”

“ஓம் பிள்ளை. எங்கத்தைய ஆள் நீர்?”

“கடவுளே! இந்த இரும்புக் கடைக்குள்ள ஒரு தமிழ் முகம். இவை சொல்லுறது பாதி விளங்குதில்லை அண்ணை. அந்த மீசைக்காரர் கதைச்சால் வாய்க்குள்ள உருளைக்கிழங்கு கிடக்கிற மாதிரிக் கிடக்கு.”

மீசைக்காரர் என்றது பயிற்சி ஆசிரியர் ஹெர் டிட்மரை. முப்பது வயது, கெட்டிக்காரர், அவசரக்காரர். ஒருமுறை செய்து காட்டுவார், இரண்டாம் முறை காட்டினால் நேரம் போகும் என்று நினைப்பவர்.

கருவிகளின் பெயர்களை நான் இந்திராணிக்குத் தமிழில் விளங்கப்படுத்தினேன். எதை எங்கே பிடிப்பது, எது சுடும், எது வெட்டும் என்று. ஹெல்விக் இரண்டு தடவை “டொச்” என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். மூன்றாம் தடவை எழுத்தில் வந்தது. அதற்கு அப்மானுங் என்று பெயர். எச்சரிக்கைக் கடிதம். என்னுடையது கோடைக்குக் கோடை புதுப்பிக்கும் ஒப்பந்தம். இன்னொரு கடிதம் வந்தால் அடுத்த கோடையில் வீட்டில் இருக்க வேண்டியதுதான் என்று அலுவலகத்தில் ஒரு பெண்மணி என் காதில் போட்டார்.

நான் நிறுத்தினேனா? சில விஷயங்களை நிறுத்தினேன். சிலவற்றை நிறுத்தவில்லை. அவர் கடைசல் இயந்திரத்துக்குப் போகும் முதல் வாரத்தில், தகட்டை வாங்கும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னேன்:

“பிள்ளை, ஒண்டை மட்டும் மூளையில எழுதி வையும். சுத்துற உருளைக்கு மேல ஒரு மூடி இருக்கும். மூடி இல்லாமல் மெசின் ஓட்ட ஏலாது. ஆர் சொன்னாலும் ஏலாது.”

“ஏலாது” என்று அவரும் சொன்னார், பாடம் ஒப்புவிப்பதுபோல.

இனி நடந்ததைக் கவனமாகச் சொல்கிறேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை. டிட்மர் தன் இரண்டாம் எண் தகட்டை வைத்து ஆறு மில்லிமீற்றர் இன்புஸ் திறப்பு ஒன்றை வாங்கிப் போனார். இன்புஸ் என்றால் அறுகோண ஆணி கழற்றும் திறப்பு. அன்று நாலாம் இயந்திரத்தில் ஒரு அகன்ற தட்டைக் கடைய வேண்டியிருந்தது. பிடிக்கும் தாடைகள் வெளியே நீண்டதால் மூடி இறங்கவில்லை. மூடியைக் கழற்றினால் இயந்திரம் தானாக நின்றுவிடும், அதற்கு ஒரு சுவிட்ச் இருக்கிறது. அந்தச் சுவிட்சைப் பசைநாடாவால் அழுத்தி ஒட்டிவிட்டால் ஓடும். பல பட்டறைகளில் செய்வார்கள். செய்யக் கூடாது.

எட்டு மணிக்குப் பிறகு இந்திராணியை நாலாம் இயந்திரத்துக்குக் கூப்பிட்டார். ஜன்னலிலிருந்து எனக்கு அவருடைய முதுகும் டிட்மரின் முகமும்தான் தெரிந்தன.

“ஓட்டுங்கள்” என்றார் டிட்மர்.

இந்திராணி இயந்திரத்தைப் பார்த்தார். கையை நீட்டி உருளைப் பக்கம் காட்டினார். “கன் நிஷ்ட்” என்றார், முடியாது என்று.

“நேற்று ஓட்டினீர்களே?”

“கன் நிஷ்ட்.”

“பயமா?”

“கன் நிஷ்ட்!” இந்த முறை பட்டறை முழுக்கக் கேட்டது. இரண்டு பேர் சிரித்தார்கள். “முடியாவிட்டால் கேக் சுடப் போங்கள் அம்மா” என்றான் ஒருவன். டிட்மர் சிரிக்கவில்லை. கொப்பியை எடுத்து எழுதினார். இந்திராணியை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டுத் தானே இயந்திரத்தை ஓட்டினார்.

அன்று நான் நினைத்தது என்ன? மனுசி பயந்துவிட்டார் என்றுதான் நானும் நினைத்தேன். எல்லாம் தெரிந்தவன் நான், எனக்கும் விளங்கவில்லை; மூடி கழன்ற கதை எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒன்பது மணிக்கு ஆணிகளைப் பார்த்துத் தாளில் குறித்தேன், அவ்வளவுதான்.

பின்னேரம் பஸ் தரிப்பில் அவர் நின்றார். கண்ணில் ஒரு துளி இல்லை. கோபத்தில் மூக்கு மட்டும் சிவந்திருந்தது.

“அண்ணை, வியாழக்கிழமை பத்து மணிக்கு டேர்மின் எண்டு ஒரு கூட்டமாம். வேலை அலுவலகத்திலயிருந்து ஆள் வருதாம். தகுதியில்லை எண்டு அந்த மீசை எழுதிக் குடுத்திட்டுது. மூண்டு தரம் கேட்டும் மாட்டன் எண்டு சொன்னனானாம்.”

“பயந்திட்டீரோ பிள்ளை?”

“எனக்கோ பயம்?” என்மேல் பாய்ந்தார். “ஷெல்லுக்குள்ளால ரெண்டு பிள்ளையளையும் தூக்கிக்கொண்டு வந்தனான். இந்தத் தகரத்துக்கோ பயம்? மூடி இல்லை அண்ணை! நீங்கள்தானே சொன்னனீங்கள், மூடி இல்லாமல் ஓட்ட ஏலாது எண்டு. அதைத்தான் நான் சொன்னன்.”

“எப்பிடிச் சொன்னனீர்? டொச்சில சொல்லும் பார்ப்பம்.”

“கன் நிஷ்ட்.”

அவர் சொன்னது என் சொல். என் ‘ஏலாது’வைத்தான் அவர் டொச்சில் எடுத்து வைத்திருக்கிறார்.

தமிழ் வாசிக்கிறவர்களுக்கு இது புரியும். எங்களுக்கு ஏலாது என்றால் எனக்குச் செய்யத் தெரியாது என்பதும் வரும், அப்படிச் செய்கிறது சரியில்லை என்பதும் வரும். கூடாது என்று தனிச் சொல் இருக்கிறதுதான். அவசரத்தில் யார் அதைத் தேடுகிறோம்? டொச்சில் இரண்டும் வேறு வேறு. ‘கன் நிஷ்ட்’ என்றால் ஆற்றல் இல்லை. ‘டார்ஃப் நிஷ்ட்’ என்றால் அனுமதி இல்லை. இன்னொன்றும் உண்டு. எங்கள் வசனத்தில் ஆளைச் சொல்லவே தேவையில்லை. ‘ஏலாது’ என்றால் போதும், யாருக்கு ஏலாது என்பது நிற்கிற இடத்திலிருந்து தெரியும். டொச்சுக்காரர் காதில் ஆள் இல்லாத வசனம் விழுந்தால் அவர்களே ஒரு ‘நான்’ போட்டு நிரப்பிக்கொள்வார்கள். இந்திராணி சொன்னது, இதை யாரும் ஓட்டக் கூடாது என்று. டிட்மர் காதில் விழுந்தது, எனக்கு ஓட்டத் தெரியாது என்று. பட்டறையில் அன்று பாதுகாப்பு விதியைக் கடைப்பிடித்த ஒரே ஆளுக்குத் தகுதியில்லை என்று பட்டம்.

இதைக் கண்டுபிடித்தது எந்த மொழிப் பேராசிரியரும் இல்லை. எட்டாம் வகுப்பு.

மறுநாள் காலை ஹெல்விக்கிடம் போய்ச் சொன்னேன். முழுவதும் கேட்டார்.

“எழுத்தில், ஹெர் குணரத்தினம். நாளை ஒன்பது மணிக்கு முன்.”

“எனக்கு டொச் எழுத வராது என்று உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்” என்றார். போய்விட்டார்.

மகளிடம் கொடுத்திருந்தால் அழகாக எழுதித் தந்திருப்பாள். கொடுக்கவில்லை. அழகான தாளைக் கண்டால், இது யார் எழுதியது என்ற கேள்வி முதலில் வரும், அதில் இருக்கிற உண்மை பின்னுக்குப் போய்விடும். மத்தியான இடைவேளையில் ஜன்னலைச் சாத்திவிட்டுப் பென்சிலால் எழுதினேன். ஏழு வரி. அரை மணிநேரம் பிடித்தது. நாலாம் வரியில் பென்சில் நின்றது. மூடி இல்லை என்று எழுதியாயிற்று. திறப்பை வாங்கியது யார் என்றும் எழுதியாயிற்று. ஆனால் இந்திராணி விதியைத்தான் சொன்னார் என்பதற்கு என்ன சாட்சி? அந்த விதியை அதே சொல்லில் அவருக்குச் சொன்னவன் நான். எந்த மொழியில் சொன்னேன் என்று எழுத வேண்டும். எச்சரிக்கைக் கடிதம் வந்த பிறகும் சொன்னேன் என்று எழுத வேண்டும்.

எழுதினேன். ‘நான் அவருக்குத் தமிழில் சொன்னேன்: மூடி இல்லாமல் ஏலாது. தமிழில் ஒரு சொல். டொச்சில் இரண்டு சொல். அவர் பிழையான சொல்லை எடுத்தார். சரியானதைச் செய்தார்.’

ஹெல்விக் அதை நின்றபடியே வாசித்தார். இரண்டாம் தரம் அடிமட்டம் மெதுவாக இறங்கியது. நாலாம் வரியில் நின்றது.

“இந்த வரி தேவையா?” என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

அவர் எனக்கு ஒரு கதவைத் திறந்து வைத்தார் என்று இன்று விளங்குகிறது. அன்றும் விளங்கியது.

“அது இல்லாவிட்டால் மற்ற ஆறு வரியும் நொண்டி” என்றேன்.

“இதன் விளைவு உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“எழுத்தில் வரும்.”

“வரட்டும்.”

வியாழக்கிழமை பத்து மணி. சிறிய கூட்ட அறை. வேலைவாய்ப்பு அலுவலகத்துப் பெண்மணி கோப்பைத் திறந்து வைத்திருந்தார். டிட்மர், ஹெல்விக், எதிரே இந்திராணி. என்னை யாரும் கூப்பிடவில்லை. நான் போய்க் கதவோரம் நின்றேன். ஹெல்விக் பார்த்தார், போகச் சொல்லவில்லை.

டிட்மர் தன் குறிப்பை வாசித்தார். மூன்று முறை கேட்கப்பட்டும், தன்னால் முடியாது என்று மூன்று முறையும் சொன்னார். இயந்திரத்தின் மேல் அச்சம். தொழிலுக்குப் பொருத்தமில்லை.

“மூடி இருந்ததா?” என்றார் ஹெல்விக்.

“அது வேறு விஷயம்.”

“இருந்ததா?”

“அந்தத் தட்டுக்கு மூடி இறங்காது. நான் பக்கத்தில் நின்றேன்.”

ஹெல்விக் ஒரு தாளை மேசையில் வைத்தார். என் மணித்தாள். எட்டு மணி: ஆறு மில்லிமீற்றர் இன்புஸ், எண் இரண்டு. ஒன்பது மணி: எண் இரண்டு. பத்து மணி: எண் இரண்டு. டிட்மரின் காது சிவந்தது.

“சரி, கழற்றினேன். ஆனால் இவர் மூடியைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. தன்னால் முடியாது என்றார். எல்லோரும் கேட்டார்கள்.”

நான் கதவோரத்திலிருந்து பேசினேன். “மன்னிக்க வேண்டும். ‘நான்’ என்று சொன்னாரா?”

“என்ன?”

“கன் நிஷ்ட் என்றார். இஷ் கன் நிஷ்ட் என்றாரா? அந்த ‘இஷ்’ எங்கே இருந்தது? அவருடைய வாயிலா, உங்கள் காதிலா?”

பெண்மணி என் பென்சில் எழுத்துத் தாளை எடுத்து வாசித்தார். என் பிழைகளைத் தாண்டித் தாண்டி வாசிப்பது முகத்தில் தெரிந்தது. பிறகு இந்திராணியிடம் திரும்பினார். ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்:

“அந்த இயந்திரத்தை உங்களால் ஓட்ட முடியுமா?”

இந்திராணி என்னைப் பார்க்கவில்லை. நேராக அவரைப் பார்த்தார். “மூடியோடு, யா. மூடி இல்லாமல், நைன். அவரும் நைன்.” சொல்லிக்கொண்டே விரலை டிட்மரின் நெஞ்சுக்கு நேரே நீட்டினார்.

பெண்மணி கோப்பை மூடினார். “எனக்கு இங்கே தகுதியில்லாத ஆள் யாரும் தெரியவில்லை. கழற்றிய ஒரு மூடிதான் தெரிகிறது. அதை யார் போடப் போகிறீர்கள்?” என்றபடி எழுந்தார்.

நாலாம் இயந்திரத்துக்கு மூடியைத் திரும்பப் பூட்டியது டிட்மர்தான். இன்புஸ் வாங்கத் தகட்டோடு வந்தார். ஜன்னலில் வைத்தார். நான் தகட்டை ஆணியில் மாட்டும்போது கொஞ்சம் சத்தமாகத்தான் மாட்டினேன்.

இந்திராணி இரண்டு வருடத்தையும் முடித்தார், பரீட்சையும் எடுத்தார். இன்று ஒரு கம்பனியில் ஐந்து இயந்திரங்களுக்குப் பொறுப்பு. அதை அவர் பெருமையாகச் சொல்லட்டும், என் பெருமைக்கே இங்கே இடம் போதவில்லை.

என் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. ஹெல்விக் தானே கொண்டு வந்தார். தட்டில் இரண்டு முறை தட்டினார். கடிதத்தையும் பேனாவையும் வைத்தார்.

“பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையெழுத்து. விதி விதிதான், ஹெர் குணரத்தினம். பட்டறைக்குள் நீங்கள் தமிழ் பேச முடியாது.”

“பேச முடியும், ஹெர் ஹெல்விக்” என்றேன். “நன்றாகவே பேசுவேன். கன் இஷ். டார்ஃப் இஷ் நிஷ்ட்.”

அவர் பேனாவை என் பக்கம் நகர்த்தினார். “இலக்கணம் சரி” என்றார். அந்த மனிதரிடமிருந்து எனக்கு வந்த ஒரே பாராட்டு அது. கோடையில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் தாளிலும் அவர்தான் கையெழுத்து வைத்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எழுத்தில் கேட்கச் சொல்லியிருப்பார்.

அன்று அந்தக் கடிதத்தில் கையெழுத்தைத் தமிழில் போட்டேன். அவர் அதை ஊன்றிப் பார்த்தார். மடித்துப் பைக்குள் வைத்தார். அந்த நேரம் பார்த்து இந்திராணி ஜன்னலுக்கு வந்தார். கடிதத்தைப் பற்றி யாரோ சொல்லியிருக்க வேண்டும். முகம் கடுகடுத்திருந்தது. ஹெல்விக் நிற்பதைக் கண்டு, ஒரு கிழமையாகப் பாடமாக்கியதுபோல டொச்சில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்:

“நாலாம் இயந்திரம். மூடி இருக்கிறது. பார்த்துவிட்டேன். டார்ஃப் இஷ்?”

அனுமதி கேட்டபடியே தன் தகட்டைத் தட்டில் வைத்தார். ஹெல்விக் இரண்டடி தள்ளி நின்றார். நகரவில்லை. பட்டறையில் எல்லோரும் எங்களைத்தான் பார்த்தார்கள். இரண்டாம் கடிதத்தில் போட்ட மை இன்னும் காயவில்லை.

“ஏலும் பிள்ளை” என்றேன், கதவுக்கு மேலே தொங்கிய பலகைக்கும் கேட்கிற மாதிரி. “வடிவாய் ஏலும்.”